ஒப்புதல் அல்ல, ஒப்புவித்தல்

சென்ற இதழில் ஓய்வுபெற்ற காவல்துறை உயர் அதிகாரி ஒருவர் எழுதியிருந்த கட்டுரையை மூன்று முறை படித்தேன். பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23ஆம் பிரிவைத் திருத்த வேண்டும் என்கிறார். எஸ்.பி. அல்லது அதற்கு மேற்பட்ட பதவியில் இருப்பவர் பதிவு செய்யும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. இந்தப் பிரிவு இந்தியப் போலீஸை அவமதிக்க வெள்ளைக்காரன் எழுதியது, உயர் அதிகாரியைக்கூட நம்பாத சட்டம் வேறு யாரை நம்பும், இப்போது கேமரா வந்துவிட்டது, இங்கிலாந்திலேயே இப்படியொரு தடை கிடையாது, கொலைகாரர்கள் தப்பிக்கிறார்கள். இவ்வளவுதான் அவருடைய வாதம். தென்மாவட்டம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில், இதில் ஒன்றுகூட நிற்காது என்று சொல்கிறேன்.

கட்டுரை முழுவதும் அவர் ‘குற்றவாளி’ என்றே எழுதுகிறார். குற்றவாளி ஒப்புக்கொண்டான், குற்றவாளி பிறகு மறுத்தான், குற்றவாளி விடுதலையானான். ஸ்டேஷனுக்குக் கூட்டிவரப்பட்டவர் சந்தேகத்துக்குரியவர். குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு குற்றம் சாட்டப்பட்டவர். நீதிபதி தீர்ப்பெழுதிய பிறகுதான் குற்றவாளி. காக்கிச் சட்டையில் காலம் கழித்தவருக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இராது. தெரிந்தே அழித்திருக்கிறார். பிடித்துவரப்பட்டவன்தான் செய்தான் என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டால், அவன் வாயிலிருந்து அதை வரவழைப்பது வெறும் சடங்காகிவிடும். அவர் கேட்பது அந்தச் சடங்குக்கு ஒரு நீதிமன்ற முத்திரை.

சட்டத்தையும் அவர் பாதிதான் சொன்னார். 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் 25, 26, 27 என்று தனித்தனியாக இருந்தவற்றை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் 23ஆம் பிரிவுக்குள் சேர்த்திருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல், தந்தவருக்கு எதிராகச் செல்லாது. போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு எவரிடம் தந்தாலும், மாஜிஸ்திரேட் முன்னிலையில் தந்தாலொழிய, செல்லாது. ஆனால் அந்த வாக்குமூலத்தைக் கொண்டு ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடித் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். இந்த மூன்றாவது விதியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. போலீஸ் விசாரணையில் வெளிவந்த எதையும் கோர்ட் தொடுவதே இல்லை என்பதுபோல எழுதிக்கொண்டே போகிறார்.

தினமும் தொடுகிறது. எந்த செஷன்ஸ் கோர்ட்டில் எந்தக் கொலை வழக்குக் கட்டைப் பிரித்தாலும் அந்த வரி இருக்கும்: என்னை அழைத்துச் சென்றால், மறைத்து வைத்திருக்கும் அரிவாளை எடுத்து ஆஜர்செய்கிறேன். கொத்தனாரின் வாக்குமூலத்திலும் அதே வரி, கல்லூரி மாணவனின் வாக்குமூலத்திலும் அதே வரி. தமிழில் தண்ணீர் கேட்கக்கூடத் தடுமாறும் வடமாநிலத் தொழிலாளியும் ‘ஆஜர்செய்கிறேன்’ என்றுதான் சொல்லியிருப்பார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதியை ஒப்புவிப்பதுபோல மாவட்டம் மாவட்டமாக ஒரே இலக்கணம். கீழே விஏஓவும் தலையாரியும் மகஜர் சாட்சிகளாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ‘ஏற்கத்தக்க பகுதி’ என்று அதைச் சான்றாவணமாகக் குறியிட்டு, அதை வைத்து ஆயுள் தண்டனை வாங்கிய வழக்குகள் ஏராளம்.

காவலுக்கு வெளியே தந்த ஒப்புதல் வேண்டுமென்றால் நம் மாநிலத்தில் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கொலை செய்தவர் இரண்டு நாள் கழித்து மனம் உறுத்தி, முன்பின் பார்த்திராத விஏஓவைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொல்லுவார். விஏஓ அதை எழுதிக்கொண்டு ஆளையும் காகிதத்தையும் ஸ்டேஷனில் ஒப்படைப்பார். அறிமுகமே இல்லாத ஒரு அரசு ஊழியரிடம் ஒருவர் ஏன் தன் உயிரைக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று உயர்நீதிமன்றம் பல வழக்குகளில் கேட்டிருக்கிறது. கதை மட்டும் மாறவில்லை. ஆக, 23ஆம் பிரிவு போலீஸின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பது பொய். கட்டில் இரண்டு முடிச்சு ஏற்கெனவே அவிழ்ந்துதான் கிடக்கிறது. அந்த இரண்டு முடிச்சு வழியாகவே எவ்வளவு ரத்தம் ஒழுகுகிறது என்று பார்த்தவர்கள் மூன்றாவதை அவிழ்க்கச் சொல்ல மாட்டார்கள்.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நடந்தது என்ன? காணாமற்போன நகைக்காகக் கோயில் காவலாளி ஒருவரைத் தனிப்படை போலீஸார் கூட்டிப்போனார்கள். நகை எங்கே என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். அந்த இளைஞர் செத்துப்போனார். பிரேதப் பரிசோதனையில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். போலீஸார் கைதாகி, வழக்கு சிபிஐக்குப் போனது. ‘ரெக்கவரி’ காட்டினால் போதும் என்ற விதி மட்டும் இருக்கும்போதே இது நடக்கிறது. வெறும் வாய்ச்சொல்லே போதும், பொருள்கூட வேண்டாம் என்று சட்டம் சொல்லிவிட்டால் இப்படிப்பட்ட விசாரணைகளில் என்ன நடக்கும் என்று கட்டுரையாளர் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும்.

இனி வெள்ளைக்காரனின் அவமதிப்பு என்ற வாதத்துக்கு வருகிறேன். எனக்கு மிகுந்த கோபத்தைத் தந்தது இதுதான். ஏனென்றால் இந்தப் பிரிவின் வேர் நம்முடைய மண்ணில், நம்முடைய முப்பாட்டன்மாரின் முதுகில் இருக்கிறது. கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணக் குடியானவர்கள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்ற பேச்சு 1854இல் லண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்டு சென்னையில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. குழு உட்கார்ந்திருக்கும் செய்தி பரவியதும் மக்கள் நெடுந்தொலைவிலிருந்து நடந்து வந்து முறையிட்டார்கள். வர முடியாதவர்கள் மனு எழுதி அனுப்பினார்கள். 1855இல் வெளியான அறிக்கையில் கிட்டி என்ற சொல் ஆங்கில எழுத்தில் பதிவாகியிருக்கிறது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே கையையோ விரலையோ வைத்து நெரிப்பது கிட்டி. கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் குனிந்தபடியே நிறுத்துவது அண்ணாந்தாள். வரி வசூலிக்கவும் இதுதான், திருட்டை ஒப்புக்கொள்ள வைக்கவும் இதுதான். அன்றைக்கு வருவாய்த்துறையும் போலீஸும் ஒரே கையில் இருந்தன. 1857இல் நியூயார்க் டெய்லி டிரிப்யூனில் கார்ல் மார்க்ஸ் இந்தச் சித்திரவதைகளைப் பற்றி எழுதினார்.

அதற்குப் பிறகுதான் 1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் போலீஸிடம் தரும் ஒப்புதல் செல்லாது என்ற விதி நுழைந்தது. 1872இல் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் சாட்சியச் சட்டம் எழுதியபோது அதை அப்படியே எடுத்துவைத்தார். ஆகவே இது அவமதிப்பு என்றால், யாரை அவமதித்தது? கிட்டி போட்டவரையா, கிட்டியில் விரல் கொடுத்தவரையா? நம் ஊர்க் குடியானவர்கள் அலறி வாங்கிய பாதுகாப்பு இது. இதை அந்நியன் நமக்கு இழைத்த இழிவு என்று எழுதுவதற்கு முன் கட்டுரையாளர் எந்தப் பக்கத்தில் நின்று வரலாற்றைப் பார்க்கிறார் என்று சொல்ல வேண்டும்.

இன்னொன்று. காலனியச் சட்டங்களைத் தூக்கியெறிகிறோம் என்று முழங்கிக்கொண்டே 2023இல் மூன்று புதிய சட்டங்களை நிறைவேற்றினார்கள். அப்படி முழங்கியவர்களே இந்தத் தடையைக் கிட்டத்தட்டச் சொல்லுக்குச் சொல் வைத்துக்கொண்டார்கள். தூக்கியெறிய வந்தவர்களே தொடத் துணியாததை இவர் தொடச் சொல்கிறார்.

உயர் அதிகாரி என்றால் தவறு நடக்காது என்கிறார். இது புதிய யோசனை அல்ல. 2003இல் நீதிபதி மளிமத் குழு இதைத்தான் சொன்னது. அதற்கும் முன்பே, 1987இன் தடா சட்டத்தின் 15ஆம் பிரிவு எஸ்.பி. பதிவு செய்யும் ஒப்புதலைச் செல்லும் என்றாக்கியது. 1994இல் கர்த்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் அதை ஏற்றுக்கொண்டது. அதன் விளைவைத் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக்குற்றத்திலிருந்து விடுவித்தது. இது தடாக் குற்றமே அல்ல என்றும் சொன்னது. ஆனால் தடாவின் கீழ் எழுதப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்களை மட்டும் விட்டுவிடாமல், அவற்றைக் கொண்டே மற்றவர்கள் குற்றவாளிகள் என்ற தீர்ப்பை உறுதிசெய்தது.

அவர்களில் ஒருவர் பேரறிவாளன். பத்தொன்பது வயதில் பிடிபட்டவர். இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டின் மையம். வாக்குமூலத்தை எழுதியவர் சிபிஐயின் எஸ்.பி. தியாகராஜன். ஓய்வு பெற்றபின் 2013இல் அவரே வாய் திறந்தார். பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் தன்னிடம் சொன்னார். அதைத் தான் எழுதவில்லை. பின்னர் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் தாக்கல் செய்தார். விட்டுப்போனது ஒரே வாக்கியம். தெரிந்து வாங்கினாரா, தெரியாமல் வாங்கினாரா என்பதைத் தீர்மானிக்கும் வாக்கியம். அதை விட்டது ஏதோ ஒரு ஏட்டு அல்ல. அந்த வாக்கியத்தை விடுவதற்கு லத்தியும் தேவைப்படவில்லை. கட்டுரையாளர் நம்பச் சொல்லும் அதே பதவி, அதே பொறுப்பு, அதே பேனா. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்திப் பேரறிவாளனை விடுதலை செய்யும்போது அவருக்கு ஐம்பது வயது. நிரபராதி என்று நீதிமன்றம் சொல்லவில்லை, அதை நான் மறைக்கப் போவதில்லை. அந்த வாக்கியம் எழுதப்பட்டிருந்தால் தூக்குக் கயிறு அவர் கழுத்தருகே வந்திருக்குமா என்ற ஒரு கேள்வியை மட்டும் முன்வைக்கிறேன். எழுதுகிறவர் கையில் எல்லாம் இருக்கிறது என்பதுதான் இதன் அபாயம். அடி விழ வேண்டும் என்பதுகூட இல்லை.

தடாவுக்குப் பிறகு பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தது. 2002 அக்‌ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் உயர் அதிகாரி எழுதிய ஒப்புதல்களை நம்பி மூவருக்குத் தூக்கு விதித்தார்கள். 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது, அந்த ஒப்புதல்களை ஏற்காமல். அதற்குள் சிலருக்கு ஏறக்குறைய பதினொரு ஆண்டு சிறை. 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் மகாராஷ்டிரத்தின் தனிச் சட்டப்படி துணை ஆணையர்கள் ஒப்புதல்களைப் பதிவு செய்தார்கள். 2025 ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த ஒப்புதல்களைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டு பேரையும் விடுவித்தது. மேல்முறையீட்டில், அந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. இறுதி முடிவு எதுவானாலும், பத்தொன்பது ஆண்டு கழித்தும் ரயிலில் குண்டு வைத்தவன் யார் என்பதில் ஐயம் நீடிக்கிறது. இறந்தவர்களின் குடும்பங்களுக்காகப் பேசுவதாகச் சொல்லும் கட்டுரையாளர், இந்தக் குடும்பங்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்?

கேமரா வாதத்துக்குச் சாத்தான்குளம் போதும். 2020 ஜூன் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லித் தந்தையையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்த ஸ்டேஷனில் கேமரா இருந்தது. ஒரு டெராபைட் கொள்ளளவும் இருந்தது. பதிவுகள் தினமும் தாமாக அழியும்படி அமைத்து வைத்திருந்ததாக விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் உயர்நீதிமன்றத்துக்கு எழுதினார். இரவு முழுவதும் நடந்ததைச் சொன்னது கேமரா அல்ல, வேலையையும் உயிரையும் பொருட்படுத்தாமல் வாய் திறந்த ஒரு பெண் தலைமைக் காவலர். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷன்களிலும் கேமரா பொருத்தச் சொன்னது. 2025 செப்டம்பரில், அவை வேலை செய்யவில்லை என்று அதே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுக்க வேண்டியிருந்தது. கேமராவே ஒழுங்காக ஓடினாலும், அது பதிவு செய்வது ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசும் இருபது நிமிடத்தை. அதற்கு முந்தைய இரண்டு இரவுகளை யார் காட்டுவார்?

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கட்சிக்காரர். பைக் திருட்டு வழக்கு. நான்கு பக்க வாக்குமூலம், தெளிவான நடை, ஒரு பிழை இல்லை. கடைசியில் இடது பெருவிரல் ரேகை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரிமாண்டுக்குக் கொண்டுவந்தபோது உள்ளங்கை வீங்கி விரல் மடங்கவில்லை. கழிவறையில் வழுக்கி விழுந்ததாகக் குறிப்பில் எழுதியிருந்தது. அந்தச் சொற்றொடரை இந்த இருபத்திரண்டு ஆண்டில் எத்தனை முறை படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த உள்ளங்கைதான் நினைவுக்கு வருகிறது.

இங்கிலாந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அங்கே போலீஸிடம் தரும் ஒப்புதல் செல்லும், உண்மை. அதன் விலையாக கில்ட்ஃபோர்ட் நால்வர் பதினைந்து ஆண்டும் பர்மிங்ஹாம் அறுவர் பதினாறு ஆண்டும், செய்யாத குற்றத்துக்குச் சிறையில் கிடந்தார்கள். 1984இன் சட்டத்துக்குப் பிறகு விசாரணை முழுவதும் பதிவாக வேண்டும், இலவசமாக வழக்கறிஞர் உடனிருக்கலாம், பயங்கரவாத வழக்கு தவிர எந்தக் கொடூர வழக்கானாலும் 96 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது, வற்புறுத்தல் இல்லை என்று அரசுத் தரப்புதான் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். நம்மிடம் போலீஸ் காவல் பதினைந்து நாள். புதிய நடைமுறைச் சட்டம் அதை நாற்பது, அறுபது நாளுக்குள் துண்டு துண்டாக எடுத்துக்கொள்ளவும் இடம் தந்திருக்கிறது. விசாரணையின்போது வழக்கறிஞரைப் பார்க்கலாம், ஆனால் முழுநேரமும் அவர் உடனிருக்க முடியாது. இங்கிலாந்தின் அதிகாரம் மட்டும் வேண்டும், இங்கிலாந்தின் கட்டுப்பாடு வேண்டாம் என்பது வாதமல்ல, பேராசை.

ஒப்பிட வேண்டுமென்றால் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். இலங்கையின் சாட்சியச் சட்டம் 1895இல் வந்தது. ஸ்டீபனின் சட்டத்தைப் பின்பற்றி எழுதியது. அதிலும் இதே தடை இருக்கிறது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு உதவிப் போலீஸ் அத்தியட்சகரிடம் தரும் ஒப்புதலைச் செல்லுபடியாக்கி, அது வற்புறுத்தலால் வந்தது என்று நிரூபிக்கும் சுமையைக் கைதியின் தலையில் வைத்தது. நல்லரத்தினம் சிங்கராசா என்ற தமிழர் அந்த ஒப்புதலைக் கொண்டே 50 ஆண்டு தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் அது 35 ஆனது. வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சானது. அவருக்குச் சிங்களம் தெரியாது. பெருவிரல் ரேகை வைத்திருந்தார். 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இது நியாயமான விசாரணையல்ல என்றது. 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளியது. தனக்குப் புரியாத மொழியில் தன் குற்றத்தைச் சொன்னவராக ஒரு மனிதர் சட்டப் புத்தகங்களில் நிற்கிறார். உயர் அதிகாரி, பதிவு, கையொப்பம் எல்லாம் அங்கேயும் முறைப்படி இருந்தன.

கொலைகாரர்கள் தப்பிக்கிறார்கள் என்பதையும் விடுவதற்கில்லை. பலர் தப்பிக்கிறார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காகவும் நான் நின்றிருக்கிறேன். விடுதலைத் தீர்ப்பைக் கேட்டுவிட்டு ஒரு தாய் கோர்ட் படியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வழக்கு தோற்றது 23ஆம் பிரிவால் அல்ல. சம்பவ இடத்தில் ரத்த மாதிரி எடுக்க நான்கு நாள் ஆனது. செல்போன் பதிவுக்குச் சான்றிதழ் வைக்கவில்லை. சாட்சிகளுக்குப் பாதுகாப்பு தராததால் மூவர் பிறழ்ந்தார்கள். மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2014இல் அன்வர் வழக்கிலும் 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் அது இல்லாமல் கட்டு வருகிறது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. அதற்கு ஆளும் ஆய்வகமும் கேட்டு அவர் ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.

ஒப்புதலைச் செல்லுபடியாக்கினால் தண்டனை கூடும் என்பதையும் நாடு சோதித்துப் பார்த்துவிட்டது. தடாவில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். தண்டனை நூற்றுக்கு இரண்டைக்கூட எட்டவில்லை. ஒப்புதல் கையில் இருக்கிறது என்றதும் விசாரணை அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்குமேல் தேட யாருக்கும் காரணம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் உண்மையிலேயே மனம் திறந்து ஒப்புக்கொள்ள விரும்பினால் சட்டம் அவரைத் தடுக்கவில்லை. பழைய நடைமுறைச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, இன்றைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183ஆம் பிரிவு. மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். நீ ஒப்புக்கொள்ளக் கட்டாயமில்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படும் என்று அவர் எச்சரிக்க வேண்டும். யோசிக்க அவகாசம் தர வேண்டும். வேண்டாம் என்று கைதி சொல்லிவிட்டால் மறுபடி போலீஸ் காவலுக்கு அனுப்பக்கூடாது. வழக்கறிஞர் முன்னிலையில் ஒலி, ஒளிப் பதிவும் செய்யலாம். கட்டுரையாளர் கேட்கும் கேமரா அந்த அறையில் இருக்கிறது. அவர் பேச்சோடு பேச்சாகக் குறிப்பிடும் பாதுகாப்புகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. அங்கே இல்லாதவர்கள் போலீஸ்காரர்கள் மட்டும்தான்.

தானாக ஒப்புக்கொள்ள முன்வந்த ஒருவரை ஜீப்பில் ஏற்றினால் அரை மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோய் விடலாம். அப்படியிருக்க, எஸ்.பி. முன்னால்தான் உட்கார வைத்து எழுத வேண்டும் என்பதற்கு என்ன காரணம்? கட்டுரையை நான்காம் முறையும் படித்துப் பார்த்தேன். மாஜிஸ்திரேட் என்ற சொல்லே அதில் இல்லை.